பெருங்கடல் கடக்கும் டிராலர் படகு: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறோம். படகிலேயே குடியிருந்து பல நாடுகளுக்குச் சென்றுவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். பாய்களைக் கையாளும் உடல்வலு எங்களுக்கு இல்லை. மீன்பிடி டிராலரின் சாயலில் கட்டப்படும் பயணப் படகான டிராலர் வகைப் படகில், டீசல் எஞ்சினை மட்டுமே நம்பிப் பெருங்கடலைக் கடக்க முடியுமா? – ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: முடியும். அதற்கு வழிகாட்டிய படகு ஒன்று உங்கள் ஊரிலேயே கட்டப்பட்டது. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் பீபி, தாமே வடிவமைத்த 50 அடி நீளமுள்ள ‘பாசேஜ்மேக்கர்’ என்னும் படகை 1963-இல் சிங்கப்பூரில் கட்டுவித்து, அங்கிருந்தே புறப்பட்டு இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் கடந்து, சூயஸ் கால்வாய் வழியாகக் கிரீஸ் சென்று சேர்ந்தார். சிறு குழுவோடு, பெரிய கப்பலின் வசதிகள் எவையும் இல்லாமல், எஞ்சின் வலுவில் கடலைக் கடக்கலாம் என்பதை அவர் காட்டிய பிறகே நெடுந்தூர டிராலர் என்ற தனி வகை வளர்ந்தது. 2004-இல் நோர்ட்ஹாவன் என்ற படகு நிறுவனத்தின் ஏற்பாட்டில் 18 படகுகள் ஃபுளோரிடாவிலிருந்து பெர்முடா, அசோர்ஸ் தீவுகள் வழியாக ஜிப்ரால்டருக்குக் கூட்டமாகச் சென்றன. அவற்றில் பலவற்றை ஓட்டியவர்கள் அவற்றின் உரிமையாளர்களே.

ஆனால் ஒன்றை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். பாய்மரப் படகில் காற்று செய்யும் வேலையை இங்கே டீசல் செய்கிறது; ஆகவே பயணத்தின் ஒவ்வொரு முடிவும் தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது, அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதில் வந்து நிற்கும். எஞ்சின் அறைக்குள் இறங்கிக் கையில் எண்ணெய் படுவதை உங்கள் இருவரில் ஒருவராவது விரும்ப வேண்டும்.

கேள்வி: நோர்ட்ஹாவன், கேடி-கிரோகன், கிராண்ட் பேங்க்ஸ் ஆகிய எல்லாமே டிராலர் என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. தோற்றமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது? பழைய படகு வாங்கலாமா? – ஒரு வாசகர், பெர்த்

பதில்: நீர்மட்டத்துக்கு மேலே தெரிவதை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது அடியில் நின்று பாருங்கள். கிராண்ட் பேங்க்ஸ் படகுகளின் பின்பகுதி அடிப்புறம் தட்டையாக இருக்கும். எஞ்சின் வலுவைக் கூட்டினால் ஓரளவு மேலெழும்பி விரைந்து செல்வதற்கான வடிவம் அது. 1960-களில் ஹாங்காங்கில் பிறந்த அந்த வரிசை கரையோரப் பயணத்துக்கு மிக நேர்த்தியானது. ஆழ்கடலில் பல நாள் ஓடுவதற்கான எரிபொருள் கொள்ளளவும், அடிபாரமும், சிறிய தடித்த சன்னல்களும் அதற்கு இல்லை. நோர்ட்ஹாவன், கிரோகன் போன்றவற்றின் அடிப்பாகம் பின்புறம் வரை உருண்டு, ஆழமான ஏராவோடு (படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் பகுதி) முடியும். தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிக்கொண்டே செல்லும் அத்தகைய படகால் ஒரு வரம்புக்கு மேல் விரைய முடியாது. படகு நீரைத் தொடும் கோட்டில் அளந்த நீர்மட்ட நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு, மணிக்கு இத்தனை கடல் மைல் (ஒரு கடல் மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) என்று கிடைக்கும். நீர்மட்ட நீளம் 40 அடி என்றால் ஏறத்தாழ எட்டரை. அதை நெருங்க நெருங்க எரிபொருள் செலவு செங்குத்தாக ஏறும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் 4,000 லிட்டர் டீசல். ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டால் செலவழிக்கக் கிடைப்பது 3,200 லிட்டர். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் 20 லிட்டர் எரிகிறது என்று கொண்டால் 160 மணி நேரம் ஓடும்; கடக்கும் தூரம் 1,280 கடல் மைல். அதே படகை ஆறரைக்குக் குறைத்தால் மணிக்கு 10 லிட்டர் போதும் என்று கொள்வோம். 320 மணி நேரத்தில் 2,080 கடல் மைல் கடக்கலாம். ஒன்றரைக் கடல் மைல் வேகத்தை விட்டுக்கொடுத்ததற்கு 800 கடல் மைல் கிடைக்கிறது. பெர்முடாவிலிருந்து அசோர்ஸ் ஏறத்தாழ 1,800 கடல் மைல். கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் 2,200-ஐ ஒட்டி வரும். பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுகளிலிருந்து மார்கெசாஸ் தீவுகள் 3,000-ஐ நெருங்கும். ஆகவே விற்பவர் ‘இந்தப் படகு இத்தனை ஆயிரம் மைல் ஓடும்’ என்று சொல்லும்போது, எந்த வேகத்தில், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கொண்டு, எவ்வளவு இருப்பு வைத்துச் சொல்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றும் இல்லாத எண்ணுக்குப் பொருளே கிடையாது.

ஐரோப்பிய விதிகளின்படி ‘ஏ’ பிரிவுச் சான்று இருந்தால், காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் கருதிப் படகு வடிவமைக்கப்பட்டது என்று பொருள். அந்தச் சான்று தேவை. அதுவே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். எரிபொருள் எவ்வளவு ஏறும், வேகம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடங்காது.

இருவர் ஓட்ட 40 முதல் 50 அடி வரை போதும் என்பது என் உறுதியான கருத்து. நோர்ட்ஹாவன் நிறுவனமே தன் 40 அடிப் படகை 2001, 2002 ஆண்டுகளில், ஆட்களை மாற்றி மாற்றி ஏற்றி, உலகைச் சுற்றவைத்திருக்கிறது. பெரிய படகின் கூடுதல் அறைகளில் உறவினர்கள் ஆண்டில் ஒரு வாரம் தங்குவார்கள். அந்த அறைகளின் பம்புகளையும் குழாய்களையும் நீங்கள் ஆண்டு முழுவதும் பழுதுபார்ப்பீர்கள்.

பழைய படகு தாராளமாக வாங்கலாம். 1970-களிலும் 80-களிலும் தைவானில் கட்டப்பட்ட டிராலர்கள் பலவற்றில் எரிபொருள் தொட்டிகள் சாதாரண இரும்பில் செய்யப்பட்டவை. தேக்குத் தளத்தின் மூடி வழியாகக் கசியும் நீர் தொட்டியின் மேற்புறத்தில் தேங்கி, வெளியிலிருந்து உள்நோக்கி அரிக்கும். தொட்டியை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டி வரலாம் என்பதால், விலை பேசுவதற்கு முன்பே டார்ச் விளக்கோடு அந்த மேற்புறத்தைப் பார்த்துவிடுங்கள். எஞ்சின் அறையில் வெள்ளைத் துணியால் ஒவ்வொரு பம்பின் அடியையும் துடைத்துப் பாருங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் நீர்ப்படலமோ கறுப்புப் படிவோ தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். உடற்பகுதியை ஆய்வு செய்ய ஒரு படகு சர்வேயர், எஞ்சினுக்குத் தனியாக ஒரு மெக்கானிக் என இருவரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். விற்பவர் தரும் பழைய அறிக்கையை ஏற்காதீர்கள். சோதனை ஓட்டத்தில் பத்து நிமிடமாவது முழு விசையில் ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டுகிறதா, வெப்பமானியின் முள் ஓரிடத்தில் நிற்கிறதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எஞ்சின் எண்ணெயில் சிறிதளவு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், உள்ளே எந்த உலோகம் தேய்கிறது என்பதுகூடத் தெரிய வரும்.

கேள்வி: நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? இரண்டு எஞ்சின் உள்ள படகுதானே பாதுகாப்பு? – ஒரு வாசகர், ஆக்லாந்து

பதில்: இந்த வாதம் முடிவில்லாமல் நடக்கிறது. என் சாய்வு ஒற்றை எஞ்சின் பக்கம். டீசல் எஞ்சின் தானாகப் பழுதாவது அரிது. பெரும்பாலும் அழுக்கு டீசல்தான் அதை நிறுத்துகிறது, இரண்டு எஞ்சினும் ஒரே தொட்டியிலிருந்து குடித்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஒற்றை எஞ்சினின் புரொப்பெல்லர் ஏராவுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் வலைக்கயிறும் மிதக்கும் மரத்துண்டும் எளிதில் படாது. இரட்டை எஞ்சின் படகில் புரொப்பெல்லர்கள் பெரும்பாலும் இருபுறமும் வெளிப்பட்டே நிற்கும்.

நெடுந்தூரத்துக்கென்றே கட்டப்பட்ட ஒற்றை எஞ்சின் படகுகள் பலவற்றில் ஒரு சிறிய துணை எஞ்சின் இருக்கும். தனித் தண்டு, மடங்கும் புரொப்பெல்லர், தனி எரிபொருள் தொட்டி ஆகியவற்றோடு. அமைதியான கடலில் அது படகை மணிக்கு நான்கைந்து கடல் மைல் வேகத்தில் துறைமுகம் சேர்க்கும், எதிர்க்காற்றில் திணறும். வாரம் ஒரு முறையாவது அதைச் சுமையோடு ஓட்டாவிட்டால், தேவைப்படும் நாளில் அது கிளம்பாது.

குளிர்விக்கும் முறையையும் கவனியுங்கள். நீரில் மூழ்கிய ஏராவை ஒட்டிய குழாய்களில் குளிர்நீரைச் சுற்றவிட்டு, புகையை லாரியில் போல மேல்நோக்கி வெளியேற்றும் அமைப்பில் கடல்நீர் எஞ்சினுக்குள் வருவதே இல்லை. கடல்நீர் பம்பு, அதனுள் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், உப்பு அரிக்கும் குழாய்கள் ஆகியவை எல்லாம் இல்லாமல் போகின்றன. சற்று இரைச்சலும் தளத்தில் கரித்தூளும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டீசலைப் பொறுத்தவரை, பெரிய தொட்டியிலிருந்து வடிகட்டி ஒரு சிறிய நாள் தொட்டியை நிரப்பி, அதிலிருந்து மட்டும் எஞ்சினுக்கு விடும் அமைப்புள்ள படகையே தேடுங்கள். அலையில் பெரிய தொட்டியின் அடிவண்டல் கலங்கினாலும் நாள் தொட்டி தெளிவாக இருக்கும். இணையாக இரண்டு வடிகட்டிகள் இருந்தால், எஞ்சினை நிறுத்தாமலே ஒன்றை மூடி மற்றதற்கு மாறலாம். நடுஇரவில், ஆட்டத்தில், ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் வடிகட்டியை மாற்றிப் பழகியவருக்குத்தான் இதன் அருமை புரியும்.

கேள்வி: என் மனைவிக்குக் கடல் குமட்டல் உண்டு. டிராலர் படகு பாய்மரப் படகைவிட அதிகம் ஆடும் என்கிறார்கள். உண்மையா? – ஒரு வாசகர், டொரன்டோ

பதில்: உண்மை. பாயில் அழுத்தும் காற்று படகை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். உருண்டை அடிப்பாகமும் பாயின்மையும் சேர்ந்த டிராலர், பக்கவாட்டு அலையில் இடமும் வலமுமாக ஓயாமல் உருளும். ஆகவே ஆட்டத்தைத் தணிக்கும் ஏற்பாடு இல்லாத படகைக் கடல் பயணத்துக்கு வாங்கவே கூடாது.

இதில் மிக எளியது பாராவேன். இருபுறமும் நீட்டிய கம்பங்களிலிருந்து தொங்கும் கனத்த உலோகத் தகடுகள் நீருக்கடியில் வெட்டிக்கொண்டு சென்று, படகு எழும்பும் பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போக அதிகம் இல்லை. வேகத்தில் அரை முதல் ஒரு கடல் மைல் வரை பறிபோகும், இறக்கி ஏற்றுவது இருவர் வேலை. ஹைட்ராலிக் விசையால் திரும்பும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பொத்தானை அழுத்தியதும் வேலை செய்யும், ஆனால் நீர் புகாமல் தடுக்கும் அவற்றின் சீல்களைக் குறித்த காலத்தில் படகைக் கரையேற்றி மாற்ற வேண்டும். சுழல்சக்கர வகை ஜைரோவுக்கு ஜெனரேட்டர் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால் நெடும்பயணத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வசதி இருந்தால் துடுப்புகளையும், அவை பழுதானால் உதவப் பாராவேனையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன்பு உங்கள் மனைவியோடு அலையுள்ள நாளில் வாடகைப் படகில் இரண்டு இரவுகளாவது கடலில் கழித்துப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால், கரையோரப் படகு வாங்குவதே உங்கள் இருவருக்கும் நல்லது.

கேள்வி: லங்காவியில் எங்கள் படகு நிற்கிறது. இலங்கை வழியாக மாலத்தீவுக்குப் போக எந்த மாதம் ஏற்றது? – ஒரு வாசகர், பினாங்கு

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவக்காற்று அப்போது உங்கள் பின்னாலிருந்து வீசும். மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்துப் போக முயல வேண்டாம். லங்காவியிலிருந்து இலங்கையின் காலி துறைமுகத்துக்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். மணிக்கு 7 கடல் மைல் என்றால் ஏழு நாள். காலியிலிருந்து மாலத்தீவின் வடகோடியில் உள்ள உலிகன் ஏறத்தாழ 440 கடல் மைல். சுமத்ராவுக்கும் பெரிய நிகோபாருக்கும் இடையிலும், இலங்கையின் தெற்கே தேவேந்திர முனைக்கு அப்பாலும் சரக்குக் கப்பல்கள் வரிசையாகச் செல்லும். அந்த இரு இடங்களில் குறுக்கே போகாமல் ஒதுங்கிச் செல்லுங்கள். நிகோபாரில் அனுமதியின்றி நங்கூரமிடக் கூடாது. இலங்கைக்குத் தெற்கே இரவில் மீன்பிடிப் படகுகளும் நீண்ட தூண்டில் கயிறுகளும் நிறைய இருக்கும், விளக்கு இல்லாதவையும் உண்டு. ரேடாரை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். இருவர் மட்டும் ஏழு இரவு மாறி மாறி விழிப்பது கடினம். மூன்றாவது ஆளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும்? – அதே பெர்த் வாசகர்

பதில்: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். பழைய படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ஏனெனில் பம்பின் விலையும் சீலின் விலையும் படகின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. அடிப்பாகத்துக்குச் சாயம் பூசக் கரையேற்றுவது, துறைக் கட்டணம், காப்பீடு, எண்ணெய், உதிரிப் பாகங்கள் ஆகியவை நீங்கள் ஒரு மைல்கூடப் பயணிக்காவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பயண எல்லையையும் புயல் பருவத்தில் படகு எங்கே நிற்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடும். முன் அனுபவம் இல்லாத உரிமையாளர் முதல் பயணத்தில் தகுதி பெற்ற கேப்டனை உடன் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்பதுண்டு. ஆகவே விலை பேசி முன்பணம் கட்டுவதற்கு முன்பே, உங்கள் அனுபவத்தையும் போக நினைக்கும் வழியையும் எழுதிக் காப்பீட்டு முகவருக்கு அனுப்பி, அவருடைய பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு படகு பார்க்கச் செல்லுங்கள்.