மூன்று பீரோவையும் பூட்டுங்கள்

கேள்வி: 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் எம்.எஸ். படித்தேன். இப்போது கோவையில் வேலை, குடும்பம். போன வாரம் நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். யாரோ சர்வருக்குள் புகுந்து, பழைய மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். என் பெயரில் யாராவது கடன் வாங்குகிறார்களா என்று பார்க்க, இரண்டு வருடத்துக்கு இலவசக் கண்காணிப்பு தருகிறார்களாம். ஒரு லிங்க்கும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இதை அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, கோவை

விடாதீர்கள் அம்மா. நீங்கள்தான் திரும்பி வந்தீர்கள். அந்த சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அமெரிக்க அரசு தந்த ஒன்பது இலக்க எண், அங்கேயே இருக்கிறது. விசா முடிந்தாலும் அது முடியாது. அதை வைத்து உங்கள் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கலாம், கார் கடன் வாங்கலாம், பொய்யாக வருமான வரி ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டைச் சுருட்டலாம். நாளைக்கு ஒரு வேலைக்காக நீங்கள் மறுபடி அங்கே போய் வீடு தேடும்போதுதான், கட்டாத கடன் உங்கள் பெயரில் நிற்பது தெரியவரும்.

‘பத்து வருடத்துக்கு முந்தைய என் விவரத்தை ஏன் இன்னும் வைத்திருந்தார்கள்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழையதை அழிக்காமல் வைத்திருந்தது உங்கள் பல்கலைக்கழகம் மட்டுமல்ல. 2014 பிப்ரவரியில் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேரின் விவரம் களவு போனது. அதில் 1998-இல் அடையாள அட்டை வாங்கியவர்களும் இருந்தார்கள். முதலில் ஒரு வருடக் கண்காணிப்பு தருவதாகச் சொல்லி, பிறகு அதை ஐந்து வருடமாக்கினார்கள்.

இதில் அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் முப்பது வருடம் வங்கியில் இருந்தவன். தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம் கிளைக்கு எதிரே வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால், எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒருவருடைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கையெழுத்தோடு. எங்கள் கிளையின் பழைய கடன் ஃபைல்தான், எடைக்குப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு பஜ்ஜி இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். இப்படி ஒரு செய்தி வெளியானதும், அதே வாசகங்களோடு போலி மின்னஞ்சல் அனுப்புவது திருடர்களின் வழக்கம். பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், அறிவிப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். உண்மை என்றால், அங்கே சொல்லியிருக்கும் வழியில் கண்காணிப்புக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் கண்காணிப்பு என்பது கூர்க்காவின் விசில் மாதிரி. திருடன் உள்ளே போனதைச் சொல்லும், தடுக்காது.

தடுப்பதற்குப் பெயர் கிரெடிட் ஃப்ரீஸ். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று அங்கே மூன்று பெரிய கிரெடிட் பீரோக்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று ரிப்போர்ட் வைத்திருக்கும் நிறுவனங்கள் இவை; கடன் கொடுப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். (பீரோ என்றதும் நம் வீட்டு இரும்பு பீரோ ஞாபகம் வந்தால் தப்பில்லை. பூட்டுகிற வேலைதான்.) ஒன்றில் போட்டால் மற்றதற்குப் போகாது; மூன்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இதற்குக் கட்டணம் கிடையாது, சட்டமே அப்படி. ஆன்லைனிலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் போட்டாக வேண்டும். அதன் பிறகு உங்கள் பெயரில் புதுக்கடன் கேட்டு யார் வந்தாலும், கடன் கொடுப்பவருக்கு உங்கள் ரிப்போர்ட் கிடைக்காது. உங்களுக்கே கடன் வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம்.

கோவையிலிருந்து செய்யும்போது சிக்கல் வரும் இடம் முகவரி. எந்தத் தெரு, எந்த அபார்ட்மென்ட் எண் என்று கதவு எண்ணோடு கேட்பார்கள். யாருக்கு ஞாபகம் இருக்கிறது! பரணில் கிடக்கும் பழைய ஃபைலை இறக்கி, வாடகை ஒப்பந்தம், டபிள்யூ-2 படிவம் (அங்கே வேலை கொடுத்தவர் தரும் சம்பள, வரி விவரத் தாள்) இரண்டையும் தேடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்திய மொபைல் எண்ணை ஏற்காமல் அடம்பிடித்தால், அடையாளச் சான்று நகல்களை வைத்துத் தபாலிலும் கேட்கலாம்.

அடுத்து வரி. ஐ.ஆர்.எஸ். எனப்படும் அமெரிக்க வருமான வரித் துறையின் தளத்தில் ‘ஐ.பி. பின்’ என்று ஆறு இலக்க எண் தருகிறார்கள். வருடா வருடம் மாறும். அதை வாங்கிவிட்டால், அந்த எண் இல்லாமல் உங்கள் பெயரில் யாரும் ஆன்லைனில் ரிட்டர்ன் போட முடியாது.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டதாகத் தெரிந்தால், அமெரிக்க அரசின் ‘ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ்’ தளத்தில் புகார் பதியுங்கள். வங்கிகளோடு மல்லுக்கட்ட அந்தப் புகார்தான் ஆயுதம்.

கேள்வி: ஸ்காலர்ஷிப்புக்காக ஆதார் நகலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார்கள். என் மகனோடு சேர்த்து அறுபது பேருடையதும் அதில் கிடக்கிறது. பயமாக இருக்கிறது சார்.
– ஒரு தாய், தென்காசி

சர்வரை உடைக்கவே வேண்டாம் என்று நாமே வைத்துவிட்டோம். குழுவிலிருந்து அதை அழிக்கச் சொல்லுங்கள். ஆனால் அறுபது போனில் இறங்கியது இறங்கியதுதான். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் மகன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம். இனிமேல் யார் கேட்டாலும் முதல் எட்டு இலக்கம் மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கலாம். பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டும் வசதியும் இருக்கிறது, இலவசம். பூட்டிவிட்டு மகனை ரேஷன் கடைக்கு அனுப்பினால் விரல் ஏற்காது. அனுப்புவதற்கு முன் திறந்துவிடுங்கள்.