லட்சம் கடிதங்களை யார் படிப்பது?

அன்புள்ள ஐயா,

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு கலைஞரையும் ஜெயலலிதாவையும் செயற்கை நுண்ணறிவு மறுபடி பேச வைத்தது. வாட்ஸப் குழுக்களில் ஏற்கெனவே பொய்க்குப் பஞ்சமில்லை, இனி அதையும் இயந்திரமே எழுதித் தரும். நீங்களோ இந்தத் தொழில்நுட்பத்தால் அரசியல் விவாதத்துக்கு நன்மை உண்டு என்று எழுதுகிறீர்கள். சாதாரண வாக்காளனுக்கு இதில் என்ன கிடைக்கும்? உருப்படியாக ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

உங்கள் பயம் நியாயமானது. மறைந்தவர் குரலில் ஓட்டுக் கேட்பதை நானும் ஏற்கவில்லை. நான் நன்மையை எதிர்பார்ப்பது வேறொரு இடத்தில். மக்கள் எழுதி அனுப்புவதை அரசு படிக்காமல் விடுகிறதே, அங்கே.

ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று அனுமதிக்கு முன் மதிப்பிடும் விதிகளை மாற்ற 2020இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் பெரிய விவாதம் நடந்தது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியாகியிருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் அதைத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 11இல் கருத்து அனுப்பும் கெடு முடிவதற்குள் லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்துவிட்டன. இயக்கங்கள் கொடுத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பியவர்கள் அதில் நிறையப் பேர். அதில் தவறில்லை, அதுவும் ஒரு ஆதரவுக் கணக்குதான். ஆனால் அந்தக் குவியலுக்குள், தன் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று ஒரு விவசாயி தமிழில் எழுதியிருந்தால் அது யார் கண்ணில் படும்?

இந்த வேலை இன்றைய மொழி இயந்திரங்களுக்குக் கைவரும். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்று சேர்த்து எத்தனை என்று சொல்லும். வேறு மாதிரி எழுதப்பட்டவற்றைப் பிரித்து அதிகாரியின் மேசைக்கு அனுப்பும். தமிழில் வந்ததை டெல்லியில் இருப்பவர் படிக்கும்படி மொழிபெயர்க்கும். சட்டச் சொற்களில் பிசகும் என்பதால் தமிழ் தெரிந்த ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் மொழிபெயர்க்க ஆளில்லை, நேரமில்லை என்ற பதில் இனி செல்லாது.

நீங்கள் கேட்ட உதாரணம் தைவானில் இருக்கிறது. சீனாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தைச் சரியாக விவாதிக்காமலே நிறைவேற்றப் பார்க்கிறார்கள் என்று 2014இல் மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் தன்னார்வ நிரலாளர்கள் அரசோடு சேர்ந்து 'விதைவான்' (vTaiwan) என்ற கலந்தாய்வு முறையைத் தொடங்கினார்கள். 2015இல் ஊபர் பிரச்சினை அங்கே வந்தது. அதற்குப் 'போலிஸ்' (Pol.is) என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் உங்கள் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதலாம். மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன் என்று அழுத்தலாம். யாருக்கும் பதில் எழுத முடியாது. அதனால் சண்டை மூள வழியே இல்லை. யார் யார் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்து இயந்திரம் ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கிறது. எல்லாக் குழுவுக்கும் பிடித்த வாக்கியங்களை மேலே கொண்டுவருகிறது. ஊபர் ஆதரவாளர்கள் ஒரு பக்கம், டாக்சிக்காரர்களின் ஆதரவாளர்கள் மறுபக்கம். ஆனால் பயணிக்குக் காப்பீடு வேண்டும், டாக்சித் தொழிலும் தன் தரத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்தன. செயலி மூலம் அழைக்கும் புது வகை டாக்சிகளுக்கு 2016இல் அங்கே விதிகள் வந்தன. நம் தொலைக்காட்சி விவாதங்களில் நான்கு பேர் ஒரு மணி நேரம் கத்தி முடித்த பிறகும், எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னும் ஒன்று. கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் பிரிட்டனில் 5,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. குழுவின் பொதுக் கருத்தை மனித நடுவரும் எழுதினார், இயந்திரமும் எழுதியது. பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் மக்கள் இயந்திரம் எழுதியதையே தேர்ந்தெடுத்தார்கள். சிறுபான்மையினரின் ஆட்சேபங்களை அது திருத்திய வரைவில் விட்டுவிடவில்லை என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. விதைவானின் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்தாதவை. அதனால் போகப்போக அதன் பயன்பாடும் குறைந்தது. சுருக்கம் எழுதும் இயந்திரம் எதை விட்டுவிட்டது என்பதை வெளியே இருப்பவர் பார்க்க முடியாவிட்டால் அதுவும் ஒரு இருட்டறைதான். ஆகவே மூலக் கடிதங்கள், பெயர் விவரங்களை நீக்கிவிட்டு, பொதுவில் இருக்க வேண்டும்.

இதற்குப் புதிதாகச் சட்டம்கூடத் தேவையில்லை. மத்திய அரசின் 2014 கலந்தாய்வுக் கொள்கை, சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைக்கச் சொல்கிறது. வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் இணையதளத்தில் போடவும் சொல்கிறது. அடுத்த வரைவு வரும்போது உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். அந்தச் சுருக்கம் எங்கே, அதை எழுதியது யார், தமிழில் வந்த கடிதங்கள் அதில் எத்தனை என்று கேளுங்கள். நானும் எழுதுகிறேன்.

அன்புடன்