ரக்பி லீக் வீரரின் ஏற்ற இறக்கம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிரிஸ்பேனில் குடியேறிய நாளிலிருந்து ரக்பி லீக் பார்த்துவருகிறேன். ஒரு தொழில்முறை வீரரின் வாழ்க்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று கேளுங்கள் என்றேன். பாதிக் கேள்விகள் குவீன்ஸ்லாந்து வீரர் பென் ஹன்ட் என்ற ஒரே ஆளைப் பற்றி வந்தன. ஆகவே அவரை வைத்தே நிறையப் பேசியிருக்கிறேன்.

நான் கண்டிக்காரன். எங்களுக்கு ரக்பி என்றால் பதினைந்து பேர், ட்ரினிட்டி-ராயல் போட்டி, அவ்வளவுதான். லீக் வேறு ஆட்டமா அண்ணா?

வேறு ஆட்டம்தான். அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் ஐந்தாவது முறை மடக்கியதுமே பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுகிறார்கள். பிரிந்த காரணம் பணம். 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியைச் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களுக்குத் தர விரும்பின. ரக்பி சங்கம் சம்மதிக்கவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனியே போய்விட்டார்கள். ஆக, சம்பளம் இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. வீரர் பணத்துக்காகக் கிளப் மாறினால் துரோகி என்று திட்டுபவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

பென் ஹன்ட் 2015இல் பந்தைத் தவறவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னதான் நடந்தது?

2015 என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் முதன்மை லீக் தொடர்) கிராண்ட் ஃபைனல், அதாவது பட்டப் போட்டி. பிரிஸ்பேன் பிராங்கோஸும் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸும் மோதின. இரண்டுமே குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கிளப்புகள். நேரம் முடியும்போது பிராங்கோஸ் 16-12 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி மூச்சில் கவ்பாய்ஸின் மைக்கேல் மார்கன் கொடுத்த பந்தைக் கைல் ஃபெல்ட் மூலையில் வைத்து ட்ரை (எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) எடுத்தார். 16-16. ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையில், ஓரக்கோட்டில் இருந்து கவ்பாய்ஸின் ஜானத்தன் தர்ஸ்டன் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் ஹன்ட் கதையே இல்லை.

அப்புறம் கோல்டன் பாயின்ட். முதலில் புள்ளி எடுப்பவர் வென்றார் என்பது அன்றைய விதி. கூடுதல் நேரத்தைத் தொடங்கிக் கவ்பாய்ஸ் உதைத்த பந்து உயரமாக வந்தது. பக்கத்தில் எதிரி யாரும் இல்லை. ஹன்ட் கையில் விழுந்து நழுவியது. பிராங்கோஸின் கோட்டுக்குப் பக்கத்திலேயே கவ்பாய்ஸுக்குப் பந்து கிடைத்துவிட்டது. சிறிது நேரத்தில் தர்ஸ்டன் ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் புள்ளி) உதைத்தார். 17-16. கவ்பாய்ஸுக்கு அதுதான் முதல் பட்டம்.

அந்த மூலையில் ஃபெல்டை விட்டுவிட்ட தடுப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஹன்ட் நழுவவிட்டது மட்டும் தனியாக, கேமராவுக்கு நேராக, எல்லோரும் பார்க்கும்படி நடந்துவிட்டது. அதனால் அது அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் முடிந்துபோனார் என்றுதானே நினைத்தோம்?

முடியவில்லை, ஆனால் அவர் நிலை ஆட்டம் கண்டது. 2017தான் விசித்திரமான ஆண்டு. அடுத்த ஆண்டு செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸுக்குப் போக முன்பே ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிராங்கோஸுக்கே ஆடிக்கொண்டிருந்தார். இந்த விளையாட்டில் இது சகஜம். இப்போதுள்ள விதிப்படியும் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்கு முந்தைய நவம்பர் 1 முதல் வேறு கிளப்போடு பேசலாம். அந்த ஆண்டு நடுவில் அவரை இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் (குவீன்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மாநில அணிகளாக மோதும் மூன்று ஆட்டம்) மூன்றாவது ஆட்டத்தில் குவீன்ஸ்லாந்துக்காக முதல் தடவை இறங்கினார். குவீன்ஸ்லாந்து 22-6 என்று வென்று தொடரையும் எடுத்தது. கிளப்பின் முதல் அணியில் இடம் உறுதியில்லாத ஆளுக்கு மாநில அணியில் இடம்!

ஆரிஜினில் அவருடைய கணக்கு எப்படி?

2018இல் ஹாஃப்பேக் (ஆட்டத்தை வழிநடத்துபவர்) இடம் கிடைத்தது. தர்ஸ்டனும் கூப்பர் கிரான்க்கும் விலகியபின் அந்த ஜெர்சியைப் போடுவது சாதாரண வேலை இல்லை. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி, தொடர் போச்சு. மூன்றாவது ஆட்டத்தில் அந்த ஜெர்சி டேலி செரி-எவன்ஸுக்குப் போனது.

பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஹன்ட் ஹூக்கர் (மடக்கிய இடத்தில் இருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) இடத்துக்கும் மாற்று வரிசைக்கும் தயாராக இருந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். 2021இல் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு ட்ரை எடுத்தார். குவீன்ஸ்லாந்து 20-18. பிறகு 2022இல் தொடரைத் தீர்மானிக்கும் ஆட்டம், பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானம். நேரம் முடியப்போகிறது. நியூ சவுத் வேல்ஸின் நேத்தன் கிளியரி தடுப்பின் தலைக்கு மேல் சின்னதாக உதைத்த பந்தை ஹன்ட் கைப்பற்றி, ஆளே இல்லாத பாதியில் ஓடி ட்ரை எடுத்தார். 22-12. இந்தத் தடவை பந்து கையில் நின்றது.

டிராகன்ஸ் அவருக்குக் கொட்டிக் கொடுத்தது வீண் என்கிறார் என் நண்பர். சரியா?

ஐந்து ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று அப்போது செய்தி வந்தது. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. என்ஆர்எல்லில் ஒவ்வொரு கிளப்பும் வீரர்களுக்குச் செலவிட உச்சவரம்பு உண்டு. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் அவருக்கு முன்னால் நின்று வழி திறக்கும் முன்வரிசை ஆட்களுக்கு மிச்சம் குறையும். ஹாஃப்பேக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முன்வரிசை தோற்றால் அவருக்கு நேரமே கிடைக்காது. அப்புறம் மைதானத்தில் உட்கார்ந்து "இத்தனை சம்பளமா?" என்று கத்துவார்கள்.

வரம்பை ஏமாற்றலாமா என்றால், மெல்பர்ன் ஸ்டார்ம் செய்து பார்த்தது. 2010இல் அகப்பட்டபோது 2007, 2009 பட்டங்கள் பறிபோயின. அந்த ஆண்டு எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வீரர்கள் அந்த நிலையிலும் ஒவ்வொரு வாரமும் இறங்கி அடிபட்டார்கள். ஒரு வீரருக்கு அதைவிட மோசமான ஆண்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஹன்ட் 2023இல் விடுவிக்கச் சொல்லிக் கேட்டார், கிளப் மறுத்தது. 2024 முடிவில்தான் விட்டது. ஒப்பந்தம் இரண்டு பக்கமும் கட்டும்.

பணத்துக்காக ஓடுவதில் சானி பில் வில்லியம்ஸைவிடப் பெரிய ஆள் உண்டா?

அவர் ஓட்டம் வேறு ரகம். 2004இல் கேன்டர்பரி புல்டாக்ஸ் என்ற லீக் கிளப்புடன் பட்டம் வென்றார். 2008இல் நீண்ட ஒப்பந்தம் பாக்கி இருக்க, சீசன் நடுவில் பிரான்ஸின் டூலோனுக்குப் பறந்துவிட்டார், அதுவும் பதினைந்து பேர் ஆட்டத்துக்கு. வழக்கு வரை போனது. ஆஸ்திரேலியாவில் அவரை வெறுக்காதவர் குறைவு. அப்புறம் நியூசிலாந்தின் பதினைந்து பேர் அணியான ஆல் பிளாக்ஸோடு 2011 உலகக் கோப்பை, சிட்னி ரூஸ்டர்ஸுக்குத் திரும்பிவந்து 2013 பட்டம், மறுபடி 2015 உலகக் கோப்பை. நடுவில் குத்துச்சண்டை வேறு. எல்லாரும் மன்னித்துவிட்டார்கள், வென்றதால். தோற்றிருந்தால் மன்னித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தம்பி, நாங்கள் மேற்குச் சிட்னி. மகனுக்கு 14 வயது, லீக்கில்தான் உயிர். தலையில் அடி விழும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான் அக்கா. தொழில்முறை ஆட்டத்தில் தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வீரரை வெளியே எடுத்து 15 நிமிடம் சோதிக்கிறார்கள், மூளை அதிர்ச்சி உறுதியானால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஓய்வு. தலை அடிகளால்தான் பாய்ட் கார்ட்னர் 2021இல் 29 வயதில் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. ரூஸ்டர்ஸின் கேப்டனாக 2018, 2019 இரண்டு பட்டம் வாங்கியவர். அதே ஆண்டு அதே கிளப்பின் ஜேக் ஃபிரெண்டும் இதே காரணத்துக்காக விலகினார். காலில் அடி என்றால் ஆறிவிடும், தலை விஷயம் அப்படி இல்லை.

பையனைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மடக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைக்கச் சொல்லித் தருகிறார், அடிபட்ட பையனை அன்றே மறுபடி இறக்குவாரா? இரண்டாவதற்கு "பார்த்துக்கலாம்" என்றால் கிளப்பை மாற்றுங்கள். தலைவலி, மயக்கம், குழப்பம் எதையும் மறைக்கக் கூடாது என்று பையனிடமும் சொல்லிவையுங்கள், டாக்டர் சரி என்னும்வரை ஆட்டம் வேண்டாம்.

தர்ஸ்டன் அதிர்ஷ்டக்காரரா, திறமைசாலியா?

சிறந்த வீரருக்கான டேலி எம் விருதை நான்கு முறை வாங்கியவரிடம் இந்தக் கேள்வியா! 2004இல் புல்டாக்ஸின் பட்டப் போட்டியில் மாற்று வீரராக ஆடினார். காயத்தால் ஆட முடியாத கேப்டன் ஸ்டீவ் பிரைஸுக்குத் தன் வெற்றி மோதிரத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு கவ்பாய்ஸோடு போய் கிராண்ட் ஃபைனலில் தோற்றார். தன் மோதிரத்துக்கு 2015 வரை காத்திருந்தார். 2017இல் தோள்பட்டைக் காயத்தால் ஆரிஜின் வாழ்க்கை முடிந்தது, 2018இல் ஓய்வு.

2025இல் ஹன்ட் பழி தீர்த்துவிட்டாரா?

34 வயதில் பிராங்கோஸுக்குத் திரும்பினார். 2025 கிராண்ட் ஃபைனலில் ஸ்டார்ம் பாதி ஆட்டத்தில் 22-12 முன்னிலை. இரண்டாம் பாதியில் பிராங்கோஸ் ஒரு புள்ளிகூட விடவில்லை. 26-22. பிராங்கோஸுக்கு 2006க்குப் பிறகு முதல் பட்டம், ஹன்ட்டுக்கு முதல் முறை. அன்றைய நாயகன் பிராங்கோஸின் ரீஸ் வால்ஷ். பழி தீர்ப்பது என்று நான் சொல்ல மாட்டேன். 2015இல் பந்தை விட்டவரும் 2022இல் பிடித்தவரும் ஒரே திறமை உள்ள ஒரே ஆள்தான். நடுவில் இத்தனை ஆண்டு முதல் தர ஆட்டம் ஆடினாரே, அதைத்தான் நான் மெச்சுவேன். எத்தனையோ பேருக்கு மூன்று நான்கு சீசனோடு முடிந்துவிடும்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவன் எதில் தொடங்கலாம்?

ஆரிஜின் மூன்று ஆட்டம். ஆண்டுதோறும் மே கடைசியில் தொடங்கி ஜூலைக்குள் முடிந்துவிடும். பிறகு பிடித்திருந்தால் ஒரு கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். டிராகன்ஸ் வேண்டாம், மனம் நொந்துபோவீர்கள்.