லிமிட் ஹோல்டெம் கேள்வி-பதில்: நல்ல கை, ஆனால் மாட்டிக்கொள்ளும் கை

கிங்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-பத்து, கிங்-ஜாக். லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் கையில் வரும் இரு சீட்டுகள் இவை. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றித்தான். ஃபிளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வரை சின்ன பெட் (பந்தயத் தொகை). டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) ரிவரிலும் (ஐந்தாவது) அதைப்போல இரு மடங்கான பெரிய பெட். பிளைண்டுகள், அதாவது சீட்டைப் பார்க்காமலே இருவர் கட்டாயம் போடுவது, அரைச் சின்ன பெட்டும் ஒரு சின்ன பெட்டும். கணக்குகள் எல்லாம் இதை வைத்தே.

முதல் இடத்தில் இருப்பவர் ரெய்ஸ் செய்கிறார் (பெட்டை உயர்த்துகிறார்). எனக்கு வேறு வேறு சூட்டில் கிங்-குயின். இதையா மடிக்க (கைவிட) சொல்கிறீர்கள்?

நிதானமாக ஆடுபவர் என்றால் ஆமாம், மடித்துவிடுங்கள். அவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். பத்து ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் ஆகியவற்றுக்குத்தான் அந்த இடத்தில் ரெய்ஸ் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு கிங்கும் ஒரு குயினும் இருப்பதால் ஏஸ்-கிங் 12 வகையில், ஏஸ்-குயின் 12 வகையில் அமையும். ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 3, குயின் ஜோடி 3, ஜாக் ஜோடி 6, பத்து ஜோடி 6. மொத்தம் 48. இதில் 36 வகையில் நீங்கள் மோசமாகப் பின்தங்கியிருக்கிறீர்கள். ஜாக், பத்து ஜோடிகளான மீதி 12-இல் மட்டும்தான் ஏறக்குறைய சமமான ஆட்டம்.

ஏஸ்-கிங்குக்கு எதிராக நீங்கள் ஜெயிப்பது நான்கில் ஒருமுறைதான். அதைவிடப் பெரிய தொல்லை, கிங் விழும்போது வருகிறது. ஃபிளாப் கிங்-8-3 என்றால் உங்களுக்கு மனசு வராது, கடைசி வரை கால் செய்வீர்கள் (அவர் போட்டதற்கு ஈடாகப் போடுவீர்கள்). ஃபிளாப்பில் ஒரு சின்ன பெட், டர்னிலும் ரிவரிலும் ஒவ்வொரு பெரிய பெட்; ஆக இரண்டரைப் பெரிய பெட் போய்விடும். உங்களைக் காப்பாற்ற மூன்று குயின்கள் மட்டுமே. ரிவருக்குள் அதில் ஒன்று வரும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். எதுவும் விழாத ஃபிளாப்பில் மடித்துவிடுவீர்கள், இழப்பு சின்னது. இந்தக் கையில் பெரிய பணம் போவது ஜோடி விழுந்த பிறகுதான்.

மடிக்க மனமில்லாமல் வெறும் கால் செய்வது இன்னும் தவறு. பெரிய பிளைண்டில் இருப்பவர் ஒரு பெட் போட்டு ஐந்தரை பெட் உள்ள பாட்டுக்கு (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) ஆடலாம். எதை வைத்தும் உள்ளே வருவார். கண்டபடி ரெய்ஸ் செய்பவர் எதிரில் இருந்தால் மூன்றாவது பெட் (அவர் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ்) போடுங்கள். நீங்களே பெரிய பிளைண்டில் இருந்தால் கதை வேறு: மூன்றரை பெட் பாட்டுக்கு ஒன்றுதான் போட வேண்டும், கால் செய்யலாம்.

பட்டனில் (ஃபிளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடம்) இருப்பவர் ரெய்ஸ் செய்கிறார், நான் சின்ன பிளைண்டில். ஏஸ்-பத்து போதுமா?

போதும். இங்கே மாட்டிக்கொள்பவர் அவர். முன்னால் எல்லோரும் மடித்த பிறகு பட்டனில் ஏஸ்-5, கிங்-பத்து, குயின்-ஜாக் எல்லாவற்றையும் வைத்து ரெய்ஸ் வரும். மூன்றாவது பெட் போடுங்கள். பெரிய பிளைண்ட் இன்னும் இரண்டு பெட் போட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் மடிப்பார். அவர் போட்டது பாட்டிலேயே கிடக்கும்.

ஏஸ்-குயின் வைத்து ரெய்ஸ் செய்தேன், பின்னால் ஒருவர் மூன்றாவது பெட் போட்டார். பிறகு என்ன?

பிளைண்டுகள் மடித்துவிட்டால் பாட்டில் ஆறரை, நீங்கள் போட வேண்டியது ஒன்று. மடிக்கவே கூடாது. நான்காவது பெட்டும் வேண்டாம்.

ஃபிளாப் 9-6-2 என்று வந்து அவர் பெட் செய்தால் உங்களுக்குக் கிடைப்பது 8.5-க்கு 1 (ஒன்று போட்டு 8.5 ஜெயிக்கலாம்). மூன்று ஏஸ், மூன்று குயின் என ஆறு சீட்டுகளும் நல்லவை என்றால் டர்னில் ஒன்று வருவதற்குத் தேவை 6.8-க்கு 1. ஆனால் அவர் ஏஸ்-கிங் வைத்திருந்தால் ஏஸ் விழுந்தால் கெடுதல்தான், அதனால் ஆறையும் முழுதாக எண்ணாதீர்கள். ஃபிளாப்பில் ஒரு கால் சரி. டர்னில் எதுவும் வராமல் அவர் மீண்டும் பெட் செய்தால் கிடைப்பது 5.75-க்கு 1, தேவை 6.7-க்கு 1. எதையும் வைத்து முட்டுபவர் இல்லையென்றால் மடியுங்கள்.

ஃபிளாப்பில் ஏஸ் விழுந்தால் ரெய்ஸ் செய்யாமல் கடைசி வரை கால் செய்யுங்கள். அவரிடம் கிங் ஜோடியோ ஜாக் ஜோடியோ இருந்தால் அவருக்கு இரண்டே சீட்டுதான் மிச்சம். ரெய்ஸ் செய்தால் மடித்துவிடுவார், அல்லது பெட் போடுவதை நிறுத்திவிடுவார். ஏஸ்-கிங் என்றால் நீங்கள் ரெய்ஸ் செய்ததற்கு நீங்கள்தான் விலை கொடுப்பீர்கள்.

ஏஸ்-பத்து, ஃபிளாப் ஏஸ்-7-2, அதில் இரண்டு ஹார்ட். பெரிய பிளைண்ட் மட்டும் எதிரே. டர்னில் ஹார்ட் அல்லாத 9 விழுந்தது. அவர் செக் செய்துவிட்டு (பெட் போடாமல் விட்டு), நான் பெட் போட்டதும் ரெய்ஸ் செய்கிறார். மடிக்கலாமா?

ஃபிளாப்புக்கு முன் நீங்கள் ரெய்ஸ், ஃபிளாப்பில் நீங்கள் பெட், இரண்டுக்கும் அவர் கால் என்று வைத்துக்கொண்டால் பாட்டில் இப்போது 6.25 பெரிய பெட். டர்னில் ஒன்று, ரிவரில் ஒன்று போட்டுக் கடைசிவரை பார்த்தால், இரண்டு பெட்டுக்கு 7.25 ஜெயிக்கலாம். நூற்றுக்கு 22 முறை ஜெயித்தாலே போதும்.

அவர் ஏஸ்-கிங் வைத்திருந்தால் ஃபிளாப்புக்கு முன்பே மூன்றாவது பெட் போட்டிருப்பார். எனவே பெரும்பாலும் இரட்டை ஜோடி, மூன்று ஒரே எண், அல்லது ஹார்ட் டிரா (ஐந்து ஹார்ட் சேர இன்னும் ஒன்று தேவைப்படும் கை). ஏஸ்-7 வைத்திருந்தால்கூட உங்களுக்கு மூன்று பத்துகளோடு மூன்று ஒன்பதுகளும் உண்டு: ரிவரில் 9 விழுந்தால் இருவருக்கும் ஏஸும் ஒன்பதுமாக இரட்டை ஜோடி, உங்கள் பத்து கிக்கராக (ஜோடிக்கு வெளியே உள்ள துணைச் சீட்டாக) ஜெயிக்கும். ஏஸ்-2 என்றால் ஏழுகளும் சேர்ந்து ஒன்பது சீட்டு. டிராவில் முட்டுபவர் என்றால் கால் செய்யுங்கள். நல்ல கை இல்லாமல் டர்னில் ஒருபோதும் ரெய்ஸ் செய்யாத ஆள் என்றால் மட்டும் மடிக்கலாம்.

பெட்டுக்கு வரம்பில்லாத நோ-லிமிட்டில் ஏஸ்-ஜாக்கை மடிக்கிறேன். இங்கும் அப்படியா?

அவ்வளவு பயம் வேண்டாம். அங்கே ஒரே கையில் முழுப் பணமும் போகும். இங்கே இழப்புக்கு எல்லை இருக்கிறது. யாரும் ரெய்ஸ் செய்யாத பாட்டில் தாராளமாக ரெய்ஸ் செய்யுங்கள்.

ரெய்ஸ் ஆன பாட்டில் ஐந்து பேர். கிங்-ஜாக் வைத்து மேல் ஜோடி பிடித்தேன். வலப்பக்கத்தவர் பெட் செய்கிறார். கால் செய்து பார்த்துக்கொள்ளலாமா?

ரெய்ஸ் செய்யுங்கள். பாட்டில் பத்து சின்ன பெட், அவர் போட்டது ஒன்று. நீங்கள் கால் செய்தால் அடுத்தவருக்கு 12-க்கு 1 கிடைக்கும். நடுச்சீட்டு ஒன்றுக்காகக் காத்திருந்து ஸ்ட்ரெய்ட் தேடுபவருக்குத் தேவை 10.75-க்கு 1, அவர் வருவது சரியாகிவிடும். ரெய்ஸ் செய்தால் அவர் இரண்டு போட வேண்டும், கிடைப்பது 6.5-க்கு 1. பெட்டின் அளவை மாற்ற முடியாத ஆட்டத்தில் மற்றவர்களுக்கு விலையை உயர்த்த இதுதான் வழி. ஆனால் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் வந்து, இன்னொருவரும் கூட வந்தால் உங்கள் ஜாக் கிக்கர் அநேகமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. டர்னில் செக் செய்துவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.