ஆளில்லாத தீவா?

அன்புள்ள ஐயா,

கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் ஹான்ஸ் என்ற ஆளில்லாத தீவுக்காகக் கனடாவும் டென்மார்க்கும் கொடி நட்டு, மது பாட்டில் வைத்துப் பல வருடம் மல்லுக்கட்டின என்று படித்தேன். ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் மொட்டைப் பாறைக்கு இவ்வளவு பாடா? அடியில் எண்ணெய் இருக்கிறதா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

எண்ணெயை விடுங்கள். பாட்டில் கதையும் எல்லோரும் சொல்லிச் சிரிப்பதுதான். 1973இல் கடல் எல்லை வகுத்தபோது தீவை மட்டும் முடிவு செய்யாமல் விட்டார்கள். 2022 ஜூனில் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

என்னை உறுத்தியது 'ஆளில்லாத' என்ற சொல். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! வீடு கட்டிக் குடியிருந்தால்தான் ஆள் இருப்பதாக அர்த்தமா? வடமேற்கு கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கு அது டார்டுபாலுக். சிறுநீரகம் போன்றது என்று பொருள். சீல் என்கிற கடல்நாயை அறுத்துப் பழகிய கைகளுக்குத்தான் அப்படி ஒரு பெயர் தோன்றும். சுற்றிலும் கடல் உறைந்து கிடக்கும்போது, நாய் வண்டியில் வருகிறவன் கண்ணுக்கு எதிரே இருக்கும் பனிமேடு மட்டும்தான் தெரியும். பாறை மேல் ஏறி நின்றால் கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள நீரிணை முழுக்கத் தெரியும், கரடி போவது தெரியும். வேட்டைக்காரர்களுக்கு அது கண்காணிப்பு மேடு. வயலில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை. அதனால் வயல் ஆளில்லாத நிலமாகிவிடுமா?

அப்புறம், அந்த ஹான்ஸ் யார் என்று கேட்கவே உங்களுக்குத் தோன்றவில்லையே. ஹான்ஸ் ஹென்ட்ரிக், சொந்தப் பெயர் சுவெர்சாக், கிரீன்லாந்துக்காரர். துருவம் தேடி வந்த வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியவர், வேட்டையாடிச் சோறு போட்டவர். 1872 அக்டோபரில் போலாரிஸ் என்ற அமெரிக்கத் துருவப் பயணக் கப்பலிலிருந்து 19 பேர் ஒரு பனிப்பாளத்தில் பிரிந்துபோனார்கள். அதில் ஹான்ஸின் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள்; கடைசிப் பிள்ளைக்கு இரண்டு மாதம். ஆறு மாதம் மிதந்தார்கள். மாலுமிகள் குளிர் தாங்காமல் ஒரு படகையே உடைத்து எரித்தார்கள். ஹான்ஸும் இன்னொரு இனுயிட் வேட்டைக்காரரும் இருட்டில் சீல் தேடி அலைந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

ஹான்ஸ் தன் மொழியில் எழுதிய நினைவுக்குறிப்பை, என் மகள் பிறந்த புதிதில், அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். ஃபேன் காற்று அவள் மேல் படக்கூடாது என்று போர்வையை இழுத்து இழுத்து விட்டது ஞாபகம் இருக்கிறது. ஹான்ஸின் கைக்குழந்தை ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டி மேல் இருந்தது.

சரி, உங்கள் மேல் கோபமில்லை. 2022 ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: கோடு போட்டாலும், இருபுறத்து இனுயிட் மக்களும் தீவு முழுக்க முன்போலவே வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வந்துபோகலாம். அடுத்த கடிதத்தில் டார்டுபாலுக் என்றே எழுதுங்கள்.