எண்ணெய் வற்றிய கிணற்றுக்குள் தண்ணீர் விடுவது ஏன்? உள்ளே இருந்ததைத்தான் எடுத்துவிட்டார்களே?

கேட்டவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், டெல்டாப் பக்கம் நிலம் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், "உள்ளே இருந்ததைத்தான் எடுத்துவிட்டார்களே" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எடுக்கவில்லைங்க. பெரும்பாலான எண்ணெய் வயல்களில் பாதிகூட வெளியே வரவில்லை. உலகச் சராசரி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் தண்ணீர் விட்டுத் தள்ளிய பிறகு.

எண்ணெய் பூமிக்குள் ஏரியாகத் தேங்கிக் கிடப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். மணற்பாறையின் துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அதற்குள்தான் எண்ணெய் இருக்கிறது. காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் நிலத்தடி மண்ணிலும் பாறையிலும் ஊறி வருகிற தண்ணீர்தானே. கிணறு தோண்டிய புதிதில் பாறைக்குள் இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். அழுத்தம் குறைந்ததும் பக்கத்தில் வேறு கிணறுகள் போட்டு அவற்றின் வழியே தண்ணீரை இறக்குவார்கள். அது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதோடு எண்ணெயை உற்பத்திக் கிணற்றின் பக்கம் தள்ளியும் கொடுக்கும். ஓமன் பாலைவனத்தில் நான் பார்த்த வேலையே அந்த நீர்க் கிணறுகளைக் கவனிப்பதுதான்.

தண்ணீர் தள்ளியும் மிச்சம் ஏன் நிற்கிறது? எங்கள் வீட்டு விளக்கு மாடத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நல்லெண்ணெய் ஊறிய கல். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் பிசுக்கு அசையாது. சீயக்காய் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் இளகும். பாறைத் துளையிலும் அதே கதைதான். தண்ணீர் நுழையும்போது எண்ணெய் துண்டுபட்டு, குறுகலான கழுத்துகளுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக மாட்டிக்கொள்ளும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள பரப்பு இழுவிசை அந்தச் சொட்டை நகரவிடாது.

இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன். அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி. "சித்தப்பா, எல்லாரும் எரிமலைதான் செய்றாங்க, எனக்கு உங்க வேலையைச் செஞ்சு குடுங்க" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கி, இரண்டு முனையிலும் கம்பி வலையும் துணியும் கட்டி, கழுவிச் சலித்த மணலைத் தண்ணீரோடு சேர்த்து நிரப்பினோம்.

மணல் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடையில் கிடைப்பதெல்லாம் எம் சாண்ட். அதன் தூசி குழாயை அடைத்துவிடும். கடைசியில் எங்கள் ஊருணி வரத்துக்காலில்தான் அள்ளி வந்தோம். அந்த வரத்துக்காலே பாதிதான் மிச்சம். மீதியில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். முன்னோர் அவ்வளவு செலவு செய்து ஊருணி வெட்டி, தெருத் தண்ணீர், கூரைத் தண்ணீர் எல்லாம் அங்கே போய்ச் சேர வழிவிட்டு வைத்தார்கள். மனுக் கொடுத்தேன், நில அளவைக்கு ஆள் வருவார் என்றார்கள், வரவில்லை. மழை பெய்தால் தண்ணீர் இப்போது தார் ரோட்டில் நிற்கிறது, ஊருணிக்குப் போவதில்லை. இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் அந்த மணலை நினைத்தால் இது வராமல் இருக்காது.

சரி, குழாய்க்கு வருவோம். இரண்டாங்கட்டு ஊஞ்சல் கொக்கியில் டிரிப்ஸ் பாட்டிலை மாட்டி முதலில் நல்லெண்ணெயை இறக்கினோம். "விக்கிற விலையில மண்ணுல ஊத்துறியே தம்பி" என்று ஆத்தா பக்கத்திலேயே நின்றார்கள். அடுத்து நீல மை கலந்த தண்ணீரைக் கீழிருந்து ஏற்றினோம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பாடம் தேவையில்லை. நீலம் ஒரே மட்டமாக ஏறவில்லை. கிளை கிளையாகப் பிரிந்து, ஒரு ஓரமாக வழி கண்டுபிடித்து மேலே வந்துவிட்டது. வெளிக்குழாயில் கொஞ்ச நேரம் எண்ணெய், அப்புறம் எண்ணெயும் நீலமும், அப்புறம் நீலம் மட்டும். குழாயின் நடுவில் மஞ்சள் திட்டுகள் அப்படியே நின்றன. எண்ணெய் கெட்டியாக, மெதுவாக ஓடும்; தண்ணீர் இளக்கமாக, வேகமாக ஓடும். வேகமாக ஓடுவது கெட்டியைத் தள்ளாமல் நடுவே நழுவிப் போய்விடும்.

அதற்கு வழி, தண்ணீரையும் கெட்டியாக்குவது. கேக் செய்பவர்கள் வாங்கும் சாந்தன் கம்மை ஒரு சிட்டிகை கரைத்து விட்டோம். நீலம் இந்தத் தடவை அகலமாக ஏறியது, திட்டுகள் மெலிந்து வெளியே எண்ணெய் மறுபடி வந்தது. கடைசியாகச் சோப்புக் கரைசல். இழுவிசை குறைந்து, பால் மாதிரி கலங்கலாக இன்னும் கொஞ்சம் வந்தது. மேம்பட்ட எண்ணெய் மீட்பு என்று பெரிய பெயரில் சொல்வதன் பாதி இதுதான்.

நடுவராக வந்தவர் குழாயைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் பூமிக்குள்ள குளம் மாதிரி கிடக்கும்மா, மணல்ல பிசைஞ்சு வெச்சிருக்கியே" என்றார். "குளமா இருந்தா மொத்தத்தையும் உறிஞ்சிரலாமே சார், ஏன் தண்ணி விடணும்?" என்று இவள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு எரிமலைக்கு. பரிசு போனதுகூடப் பெரிதில்லை, அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்ட பிள்ளையை ஒரு நிமிடம் நின்று பார்க்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் வழியே தண்ணீர் எப்படி ஓடும் என்ற தன் விதியை 1856-இல் பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீர் பற்றிய நூலில் வெளியிட்டார். இன்றும் பாறை எவ்வளவு எளிதாகத் திரவத்தை விடும் என்பதை டார்சி என்ற அலகில்தான் அளக்கிறார்கள்.

இந்த மேம்பட்ட எண்ணெய் மீட்பு நம் நாட்டிலேயே நடக்கிறது. ராஜஸ்தான் பார்மர் மாவட்டத்து மங்களா வயல் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009-இல் உற்பத்திக்கு வந்தது. அங்கே பாலிமர், அதாவது சாந்தன் கம் மாதிரித் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொருள், கரைத்த தண்ணீரைத்தான் இறக்குகிறார்கள். குஜராத்தின் மெஹ்சானா பக்கம் பாலோல், சந்தால் வயல்களில் எண்ணெய் ரொம்பக் கெட்டி; காற்றைச் செலுத்தி உள்ளேயே கொஞ்சம் எண்ணெயை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்குகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாசில் 1972 முதலே கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். எண்ணெயில் கரைந்து அதை உப்பவும் இளகவும் வைக்கும்.

உடனே "நீ கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று கிளம்ப வேண்டாம். நரிமணத்திலும் நெடுவாசலிலும் மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-இல் வந்த சட்டம் எனக்கும் சம்மதமே. நான் சொல்வது வேறு: தண்ணீர் செலுத்துவதும், பாறையை உடைத்து விரிசல் விடுவதும் ஒன்றல்ல. முன்னதில் பாறை உடையாத அழுத்தத்துக்குள் நிற்கத்தான் பார்ப்பார்கள், உடைந்தால் தண்ணீர் அந்த விரிசல் வழியே ஓடி எண்ணெயை விட்டுவிடும். எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டியது கிணற்றுச் சுவரின் சிமெண்ட் எப்படி இருக்கிறது, எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான். பழைய வயல்களில் எண்ணெயைவிடப் பல மடங்கு தண்ணீர் வரும்.

நீங்கள் மாணவராக இருந்து இந்தக் குழாயைச் செய்து பார்ப்பதானால், மணலைக் காய்ந்த நிலையில் நிரப்பாதீர்கள். காற்று மாட்டிக்கொண்டு எல்லாம் தப்பாகத் தெரியும். சாந்தன் கம்மைத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், கலக்கிக்கொண்டே தூவுங்கள். சோப்பைக் கடைசியில் மட்டும் விடுங்கள்.