அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

கே: ஐயா, பரபரப்புக்காகவே நடத்தும் பத்திரிகைத் தொழிலை 'எல்லோ ஜர்னலிசம்' என்கிறார்களே, அதில் ஏன் மஞ்சள்?

ப: ஒரு பொடியன் போட்டிருந்த சட்டையால். 1895-இல் நியூயார்க்கில் பத்திரிகை முதலாளி புலிட்சரின் 'வேர்ல்ட்' நாளிதழில் ஓவியர் ரிச்சர்ட் அவுட்கால்ட் சேரிச் சந்துப் பிள்ளைகளை வரைந்துவந்தார். அதில் ஒருவன் மொட்டைத் தலை, விடைத்த காது, கணுக்கால்வரை தொங்கும் சட்டை. அடுத்த ஆண்டு ஞாயிறு வண்ணப் பக்கத்தில் சட்டை மஞ்சளானது. அவன் பேச்சும் சட்டைமேலேயே எழுதியிருக்கும். ஊர் அவனை 'எல்லோ கிட்' (மஞ்சள் பையன்) என்றது. 1896-இல் போட்டிப் பத்திரிகையான 'ஜர்னல்' முதலாளி ஹெர்ஸ்ட், அவுட்கால்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புலிட்சர் விடுவாரா? ஜார்ஜ் லக்ஸ் என்ற வேறு ஓவியரை வைத்து அதே பையனை வரைய வைத்தார். ஒரே ஊரில் இரண்டு மஞ்சள் பையன்கள். இரண்டு பத்திரிகையையும் கண்டாலே ஆகாத 'நியூயார்க் பிரஸ்' ஆசிரியர் எர்வின் வார்ட்மன் 1897 தொடக்கத்தில் 'எல்லோ ஜர்னலிசம்' என்று வைதார். முன்னதாக 'நியூட் (அம்மண) ஜர்னலிசம்' என்றும் சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை.

கே: மலிவுத் தாள் சீக்கிரம் மஞ்சளாகும், அதனால்தான் என்று படித்தேனே?

ப: அன்றைய மலிவு மரக்கூழ்த் தாள், எந்தப் பத்திரிகையானாலும் பழுக்கும். வைதவர், வசவு வாங்கியவர் என்று பார்க்காது.

கே: அப்படியானால் ஹெர்ஸ்ட் கிசுகிசு போட்டுத்தான் சம்பாதித்தாரா?

ப: இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தமிழ் அர்த்தத்தை அங்கே ஏற்றாதீர்கள். நமக்கு மஞ்சள் பத்திரிகை என்றால் லட்சுமிகாந்தனின் 'இந்து நேசன்', அந்தரங்கம், அவர் கொலையான 1944 வழக்கு. அன்றைய 'எல்லோ' என்றால் பக்கத்தை அடைக்கும் தலைப்பு, பெரிய படம், சுயதம்பட்டம். ஊழலைக் கிழிப்பதும் அதில் சேர்த்தி. 'ஜர்னல்' அந்த வசவைப் பட்டமாகவே சூடிக்கொண்டது.

கே: 'நீ படம் கொடு, நான் போரைக் கொடுக்கிறேன்' என்று கியூபாவில் இருந்த ஓவியருக்குத் தந்தி அடித்தவர்தானே அவர்?

ப: வந்துவிட்டதா! 1897 ஜனவரியில் ஓவியர் ரெமிங்டன் கியூபா போனது உண்மை. தந்திக் கதையை எழுதியவர் நிருபர் ஜேம்ஸ் கிரீல்மன், 1901-இல். ரெமிங்டன் கியூபா போனபோது கிரீல்மன் ஐரோப்பாவில் இருந்தார். தந்தியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஹெர்ஸ்டும் மறுத்தார். தவிர, கியூபாவில் 1895 முதலே ஸ்பெயினுக்கு எதிராகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இருக்கிற போரை எதற்குக் கொடுக்க வேண்டும்?

கே: நெருப்பில்லாமல் புகையுமா சார்? பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது!

ப: பாடப்புத்தகம் புகையைத்தான் நகலெடுக்கிறது. நெருப்பு வேண்டுமென்றால் 1898 பிப்ரவரி 15-ஐ எடுங்கள். கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் 'மெய்ன்' போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விசாரணை முடிவதற்குள்ளேயே 'ஜர்னல்' எதிரியின் வேலை என்று அடித்துச் சொல்லி, துப்புக் கொடுப்பவருக்கு 50,000 டாலர் அறிவித்தது. இது அச்சிலேயே இருக்கிறது.

கே: அப்போ போரை மூட்டியது அவர்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

ப: இல்லை. கத்தினார் என்கிறேன். ஸ்பெயின்மீது போர் அறிவித்தது அமெரிக்க காங்கிரஸ்.

கே: சின்ன அளவுப் பரபரப்புப் பத்திரிகையை டேப்ளாய்டு என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ப: டேப்ளாய்டு, மருந்துக் கம்பெனி மாத்திரைக்கு வைத்த பேர். அது வேறு கதை.

கே: தாள் பழுப்பதால் வந்த பெயர் என்று என் வாத்தியார்...

ப: மேலே படியுங்கள்.

கே: என்னிடம் 1898 'ஜர்னல்' ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

ப: ஏலக்காரரைக் கேளுங்கள். தாள் மஞ்சளாகிவிட்டது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.